உளுத்தங்களிக்கு எத்தனை யூனிட்

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது வயது முப்பத்தைந்து. இடுப்பில் பேன்ட் நிற்காது. பெல்ட்டில் ஆணியை வைத்துத் தட்டிப் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். தொப்பை கிடையாது, சோம்பல் கிடையாது, ஸ்வீட் கடைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததும் கிடையாது. இருந்தாலும் ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அப்பாவுக்கு இருக்கிறது, பெரியப்பாவுக்கு இருக்கிறது, கடலூர்ச் செம்மண்டலத்தில் எங்கள் தெருவிலிருந்து காலையில் கடற்கரைக்கு நடக்கப் போகிற பாதிப் பேருக்கு இருக்கிறது. எனக்கும் வந்துவிட்டது, அவ்வளவுதான். அப்பாவுக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம் என்றுகூட எனக்குச் சந்தேகம். கேழ்வரகுக் கூழ் குடிக்க ஒரு துணை கிடைத்ததே.

கடலூரில் நான் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் வருகிற சர்க்கரைக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது அப்பாவுக்கு இருக்கிற வகைதான். அந்த வகைக்கு அந்த மாத்திரை சரி. நானும் நல்ல பிள்ளையாக எல்லாம் செய்தேன். சோற்றைக் குறைத்தேன், பிறகு நிறுத்தினேன். பாகற்காய் ஜூஸ் குடித்தேன். யாரோ சொன்னார்கள் என்று சிறுகுறிஞ்சான் பொடி தின்றேன். கடற்கரையில் அப்பா முன்னால் நடக்க, நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். என்னைவிட முப்பது வயது பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்து, வாடா சீக்கிரம் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உடம்பு இளைக்க இளைக்க ஊரே பாராட்டியது. சுகரை நல்லா கன்ட்ரோலில் வைத்திருக்கிறாய் என்றார்கள். ரத்தத்தில் மட்டும் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. மாத்திரை இரண்டானது, மூன்றானது. என் மனைவி ஒருத்திதான் ஒருநாள் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே உருப்படியான ஒரு கேள்வி கேட்டாள்.

"சோறே திங்காத ஆளுக்கு எங்கேருந்துங்க சுகர் ஏறுது?"

நான் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் தரம் பார்க்கிற லேபில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு பேட்ச் ஃபெயில் ஆனால் சரிசெய்து மறுபடி பார்ப்போம். மறுபடியும் மறுபடியும் ஃபெயில் ஆனால், சேர்க்கிறதையே இன்னும் கொஞ்சம் கூட்டிச் சேர்க்கிற முட்டாள்தனத்தைச் செய்ய மாட்டோம். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கிற பெயர் சரிதானா, உள்ளே இருப்பது அந்தப் பொருள்தானா என்று பார்ப்போம். வேலையில் தினமும் செய்கிற இந்தச் சாதாரணக் காரியத்தை என் உடம்புக்கும் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

என் அக்கா சிதம்பரத்தில் இருக்கிறாள். தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் வீட்டுக்காரருக்கு மேல வீதியில் செல்போன் ரிப்பேர் கடை. சர்க்கரையை மட்டுமே பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் அங்கே இருக்கிறார் என்று அக்காதான் கூட்டிப்போனாள். டாக்டரம்மா என் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் என் கன்னத்தைப் பார்த்தார். ஒட்டிப்போன கன்னம். வீட்டில் யாருக்காவது தைராய்டு உண்டா என்று கேட்டார். எங்கள் அம்மாவுக்கு இருந்தது, அவர் சாகும்வரை மாத்திரை சாப்பிட்டார் என்றேன். இரண்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். ஒன்று, என் உடம்பு இன்னும் எவ்வளவு இன்சுலினைச் சுரக்கிறது என்று பார்க்க. இன்னொன்று, அந்தச் சுரப்பை எதிர்க்கிற ஏதாவது ரத்தத்தில் ஓடுகிறதா என்று பார்க்க. ரத்தம் சென்னைக்குப் போய் முடிவு வந்தது. சுரப்பு கொஞ்சம்தான் மிச்சம். எதிர்ப்பு நிறைய.

"கிருமி வந்தா அடிக்கறதுக்குன்னு உடம்புல ஒரு படை இருக்குது" என்றார் டாக்டரம்மா. "அது ஆள் தெரியாம, உங்க அம்மாவுக்குத் தைராய்ட அடிச்சிருக்கும், உங்களுக்கு இன்சுலின் சுரக்கற செல்லையே அடிச்சிட்டிருக்கு. நீங்க சோத்தக் கொறச்சீங்கன்னு அது நிறுத்தாது. பாகற்காய்க்கும் பயப்படாது."

பிறகு பொறுமையாக விளக்கினார். அப்பாவுக்கு இன்சுலின் சுரக்கிறது, உடம்பு அதன் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. எனக்குச் சுரப்பதே நின்றுகொண்டு வருகிறது. இரண்டுக்கும் பேர் ஒன்று என்பதால் சங்கதியும் ஒன்று என்று ஆகாது. இது குழந்தைகளுக்கு வருகிற வியாதி என்று எல்லோரும் நினைக்கிறார்கள், பெரியவர்களுக்கும் வரும். குழந்தைகளுக்குச் சில வாரங்களில் மளமளவென்று எல்லாம் நடந்துவிடும். என் வயதுக்காரர்களுக்கு வருஷக்கணக்கில் மெதுவாக நடக்கும், அதனால்தான் ஆள் மாறாட்டம் ஆகிவிடுகிறது. இன்சுலின் போட்டுக்கொண்டு வயிறாரச் சாப்பிடுங்கள் என்று அனுப்பினார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஆனால் இரண்டையும்விடப் பசி ஜாஸ்தி. அன்றைக்கு ராத்திரி அக்கா வீட்டில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு சோறும் மத்தி மீன் குழம்பும் சாப்பிட்டேன். ஒன்றரை வருஷம் கழித்து, குற்ற உணர்ச்சி இல்லாமல், கையை வழித்து நக்கிச் சாப்பிட்ட சாப்பாடு. அந்தச் சந்தோஷத்தை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். அடுத்த தீபாவளிக்குள் பெல்ட்டில் பழைய ஓட்டைக்கே திரும்பிவிட்டேன்.

அக்காவுக்குத்தான் தாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்று அர்த்தம். ஊசிக்கு வந்துவிட்டான் என்று சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடும். ஆரம்பித்தால் நிறுத்த முடியாதாமே என்று கேட்டு வந்தவர்களிடம், சாப்பாடும் அப்படித்தான், பிறந்ததிலிருந்து நிறுத்த முடியவில்லை என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திதான். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், ரூமுக்குள் போய்ப் போட்டுக்கொள்ளேன்டா, பொண்ணு பார்க்கிறாள் என்பாள். நான் நடுக்கூடத்தில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துதான் சட்டையைத் தூக்குவேன்.

பொண்ணு என்றால் அக்காவின் ஒரே மகள். அப்போது ஒன்பது வயது. அவள் அம்மா சமையல்கட்டுக்கு ஓடிவிடுவாள், இவள் எதிரே வந்து சம்மணம் போட்டு உட்காருவாள். பேனா மாதிரி இருக்கே, எழுதுமா என்பாள். எத்தனை யூனிட் என்று கேட்பாள். அளவு வைக்கத் திருகினால் யூனிட்டுக்கு ஒன்றாக டிக் டிக்கென்று சத்தம் வருவது அவளுக்குப் பிடிக்கும். வலிக்குதா மாமா என்று ஒருமுறை கேட்டாள். பரங்கிப்பேட்டைக் கொசுவைவிடக் கம்மி என்றேன். பரங்கிப்பேட்டைக்காரன் ஒருவன் என்னோடு லேபில் வேலை செய்கிறான், இந்தப் பதிலைக் கேட்டால் அடிக்க வருவான். ஆனால் ஒருநாள் மதியம் சாப்பாடு தள்ளிப்போய், எனக்குச் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, கண்ணாடிக் குடுவையைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றபோது, அவன்தான் தன் மேஜையிலிருந்த பேரீச்சம்பழத்தை என் வாயில் திணித்தான். துபாயிலிருந்து அவன் அண்ணன் கொண்டுவந்தது. ஊசி போடுகிறவன் பாக்கெட்டில் இனிப்பு இருக்க வேண்டும் என்பதை அன்றைக்குப் பிறகு நான் மறந்ததில்லை.

அடுத்த வருஷம் முழுப்பரீட்சை முடிந்த சமயம். அக்கா போன் செய்தாள். குரலில் ஒரு ரகசியச் சந்தோஷம். பொண்ணு பெரிய மனுஷி ஆகப் போகிறாள் போலிருக்கிறது, தாய்மாமன் நீ தயாராக இருந்துகொள் என்றாள். பத்து வயசுதானே ஆகிறது என்றேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் சீக்கிரம்தான், அவள் கிளாஸிலேயே இரண்டு பேர் ஆகிவிட்டார்கள் என்றாள். பொண்ணு திடீரென்று வாடி இளைத்துவிட்டாளாம், எந்நேரமும் அசதியாம், எரிந்து விழுகிறாளாம். உடம்பில் சூடு ஏறித் தண்ணீராகக் குடிக்கிறாளாம். எல்லாம் அதற்கு முன்னால் வருகிற அறிகுறிதான் என்று நாத்தனாரும் சொல்லிவிட்டாராம். அதனால் இடுப்பெலும்புக்கு வலு வர, தினமும் காலையில் வெறும் வயிற்றில் உளுத்தங்களி கிண்டிக் கொடுக்கிறாளாம். நிறைய வெல்லம் போட்டு, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி. தாகத்துக்கு இளநீர், ரோஸ்மில்க்.

இதை இப்போது எழுதும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை. என் வியாதியை எனக்குக் கண்ணாடியில் மட்டும்தான் தெரியும். அக்கா சொன்னதெல்லாம் எங்கள் பக்கத்துப் பெண் வீடுகளில் எப்போதும் கேட்கிற பேச்சு. சரி, சீர்த்தட்டு எத்தனை வேண்டும் சொல் என்று கிண்டல் செய்துவிட்டு வைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போனேன். அக்கா கதவைத் திறந்து, காலையிலிருந்து இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள், களி ஒத்துக்கொள்ளவில்லை போல என்றாள். வயிறு வலிக்கிறது என்கிறாளாம், இன்றைக்கோ நாளைக்கோ ஆகிவிடும் என்று வெளியே எங்கும் அனுப்பவில்லை. பொண்ணு கூடத்தில் பாயில் படுத்திருந்தாள். முகம் பாதியாக இருந்தது. மூச்சை ஆழமாக, வேக வேகமாக இழுத்துக்கொண்டிருந்தாள். மாமா வந்திருக்கேன் பார் என்று குனிந்தேன்.

அவள் மூச்சில் அசிட்டோன் அடித்தது.

லேபில் கண்ணாடிச் சாமான்களைக் கடைசியாக அலசுவது அசிட்டோனில்தான். பதினைந்து வருஷமாகத் தினமும் முகர்கிற வாசனை. நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் வருமே, அதே வாசனை. அது ஒரு குழந்தையின் வாயிலிருந்து வர வேண்டிய வாசனையில்லை. இன்சுலின் அடியோடு இல்லாவிட்டால் உடம்பு கொழுப்பை எரிக்கும், எரித்தால் ரத்தம் அமிலமாகும், மூச்சில் இந்த வாசனை வரும், வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காதீர்கள் என்று டாக்டரம்மா எனக்குச் சொல்லியிருந்தார். என் பையில் எப்போதும் சர்க்கரை பார்க்கிற மீட்டர் இருக்கும். அவள் விரலைக் குத்தினேன். அவள் கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. மீட்டரில் எண் வரவில்லை. ஹெச், ஐ என்று இரண்டு எழுத்து வந்தது. அந்த மீட்டரால் அளக்க முடியாத உயரம் என்று அதற்கு அர்த்தம்.

நான் அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த நேரத்தில் பொண்ணை வெளியே கொண்டு போகாதடா என்று பின்னாலேயே வந்தாள். இது வயதுக்கு வருவது இல்லை அக்கா, எனக்கு வந்ததுதான் இவளுக்கும் வந்திருக்கிறது என்றேன்.  அவள் செருப்புகூடப் போடாமல் ஆட்டோவில் ஏறினாள். அவள் வீட்டுக்காரர் கடையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பேசவிட்டார்கள், அதற்கு இன்றும் நன்றி. மூச்சில் வாசனை, மீட்டரில் எழுத்து, இரண்டை மட்டும் சொன்னேன். உடனே ஐ.சி.யூ.வில் சேர்த்து ஒரு கையில் உப்புநீர், இன்னொரு கையில் இன்சுலின் ஏற்றினார்கள். நாங்கள் மூவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் பயந்தேன். என் வாழ்க்கையில் எதற்கும் அவ்வளவு பயந்ததில்லை. மறுநாள் மதியம் அவள் கண்ணைத் திறந்து, தண்ணி வேணாம், பசிக்குது என்றாள் என்று நர்ஸ் வந்து சொன்னபோது, அக்கா வீட்டுக்காரர் என் தோளில் சாய்ந்து அழுதார். பேச்சே குறைவான மனுஷன்.

"மச்சான், நீ மட்டும் வரலேன்னா..." என்று ஆரம்பித்தவரை நான் முடிக்க விடவில்லை.

அக்கா அழவில்லை. அவள் கேட்பதற்கு ஒரு கேள்வியை வைத்துக்கொண்டிருந்தாள். பொண்ணை வார்டுக்கு மாற்றிய பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"நான் களி குடுத்துதான் அவளுக்கு வந்துச்சா?"

"இல்ல."

"வெல்லம் அவ்ளோ போட்டேனேடா."

"நீ வெறும் கஞ்சி குடுத்திருந்தாலும் வந்திருக்கும்க்கா. களி வர்றதுக்கு முன்னாலயே உள்ள வேல நடந்திட்டிருந்துது. வெல்லம் சுகரக் கொஞ்சம் சீக்கிரம் ஏத்துச்சு, அவ்ளோதான். வியாதிய அது கொண்டாரல."

அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் புருஷன் வீட்டில் ஒருவர், மாமன்கிட்ட இருந்து ஒட்டிக்கொண்டது என்றார். அது என் காதுக்கும் வந்தது. வலித்தது. டாக்டரம்மாவிடமே போய்க் கேட்டேன். குடும்பத்தில் இதற்கு ஒரு சாய்வு இருக்கலாம், ஆனால் சாய்வு உள்ள பெரும்பாலானவர்களுக்கு இது வருவதே இல்லை, ஒட்டுகிற வியாதி கிடையவே கிடையாது, அவள் உங்கள் தட்டிலேயே சாப்பிட்டாலும் வராது என்றார். அந்த உறவுக்காரரை அடுத்த முறை பார்த்தபோது இதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் அவர் வீட்டுக் காபியைக் குடித்தேன்.

பொண்ணு ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்தாள், ஒரு மாதத்தில் கன்னம் வந்தது. ஊசியை அவளே திருகினாள், அவளே குத்திக்கொண்டாள். இத்தனை நாள் வேடிக்கை பார்த்த பேனாதானே. எங்களுக்குள் ஒரு போட்டி உண்டானது. சாப்பிட உட்காரும்போது எனக்கு வாட்ஸப்பில் தட்டின் போட்டோ வரும். மாமா, எலுமிச்சம் சாதம், உருளைக்கிழங்கு, எத்தினி என்று கேட்பாள். நானும் ஓர் எண் சொல்வேன், அவளும் ஓர் எண் சொல்வாள், தட்டில் மாவுச்சத்து எவ்வளவு என்பதற்கான எண். கணக்குப்படி ஊசி போட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து, யார் சொன்னது சரி என்று முடிவு செய்வோம். ஆரம்பத்தில் நான் ஜெயித்தேன். கம்பெனி கேண்டீனில் பரோட்டா முன்னால் நான் முழித்த அன்றிலிருந்து அவள்தான் ஜெயிக்கிறாள்.

ஆனால் அக்கா ஊசியை மறைத்தாள். பெண் பிள்ளை, நாளைக்கு ஒரு நல்லது கெட்டது இல்லையா என்பாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் சொல்லியிருந்தாள், சொந்தத்துக்குச் சொல்லவில்லை. ஐ.சி.யூ.வில் இருந்தது விஷக்காய்ச்சல் என்று ஊருக்கு ஒரு கதை. விஷயம் தெரிந்த ஒன்றிரண்டு பேரின் வாயையும் கெஞ்சிக் கட்டியிருந்தாள். கல்யாண வீடுகளில் பொண்ணு பாத்ரூமுக்குள் போய் நின்றுகொண்டு போட வேண்டும். ஒரு கல்யாணத்தில் பாத்ரூமில் கூட்டம் என்று, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் வா என்று பந்தியிலிருந்து எழுப்பிவிட்டாள். அன்றைக்குப் பொண்ணு போனில் என்னிடம் அழுதாள். நான் என்ன திருடினேன் மாமா என்று கேட்டாள். நான் அக்காவிடம் சண்டை போட்டேன். ஒரு மாதம் பேச்சு இல்லை. அப்புறம் வழக்கம்போல நான்தான் மீன் வாங்கிக்கொண்டு போனேன்.

இன்னொன்றும் நடந்தது. அந்த வீட்டில் அதன் பிறகு உளுத்தங்களி கிண்டப்படவே இல்லை. களி கிண்டுகிற அடிகனமான பாத்திரத்தை அக்கா யாருக்கோ கொடுத்துவிட்டாள். வெல்ல டப்பா பரணுக்குப் போனது. வராந்தாவில் நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்பது இதிலிருந்து எனக்குத் தெரிந்தது.

சென்ற வருஷம், பன்னிரண்டு முடிந்து சில மாதங்களில், பொண்ணு நிஜமாகவே பெரிய மனுஷி ஆனாள். எனக்கு முதலில் போன் செய்தது அவளே. கூச்சமெல்லாம் இல்லை. மாமா, ஆயிட்டேன், நீங்க உளுந்தும் வெல்லமும் நல்லெண்ணெயும் எடுத்துட்டு வரணும், மறந்துடாதீங்க என்றாள். அம்மா களி கிடையாதுன்னு சொல்லுது, எனக்கு வேணும் என்றாள். எனக்குப் பெண் பிள்ளைகளை மூலையில் உட்கார வைத்து ஊரைக் கூட்டித் தண்ணீர் ஊற்றுவதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது, அதை அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் கேட்டது விழாவை இல்லை. தன் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் தின்கிற ஒன்றை. கடலூரில் கறுப்பு உளுந்து, வெல்லம், மரச்செக்கு எண்ணெய், கூடவே என் மனைவி தேடித் தந்த ஓர் அடிகனமான பாத்திரம், எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தண்ணீர் ஊற்ற நாத்தனாரும் சொந்தக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் வந்திருந்தார்கள். சடங்கு முடிந்து, பொண்ணு புதுப் பாவாடை தாவணியில் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். களி எங்கே என்று நாத்தனார் கேட்டார். அக்கா என் கையிலிருந்த பையைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவளுக்குக் களி பிடிக்காது" என்றாள்.

"எனக்குப் பிடிக்கும்" என்றாள் பொண்ணு.

 அக்கா சமையல்கட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  எனக்குப் பயமாக இருக்குடா என்றாள். பாயில் கிடந்தாளே, அந்த மூச்சு என் காதிலேயே இருக்கிறது, என் கையாலேயே ஊட்டினேன் என்றாள். இரண்டு வருஷமாக அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறாள், சமைத்திருக்கிறாள், என்னோடு சண்டை போட்டிருக்கிறாள்.  உளுந்தை வறுத்துத் திரித்துக்கொண்டு வந்திருந்தேன். பாத்திரத்தை அடுப்பில் வைத்தேன். எனக்குக் கிண்டத் தெரியாது, கட்டி தட்டிவிடும் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

பொண்ணு உள்ளே வந்து தராசை எடுத்தாள். வெல்லத்தை எடை போட்டாள், மாவை எடை போட்டாள். தன் பங்கு எவ்வளவு என்று உருண்டையை அளந்தாள். மனசுக்குள் பெருக்கி ஓர் எண் சொன்னாள். நான் வேறு எண் சொன்னேன், ஊசியை இப்போதே மொத்தமாகப் போட்டுவிடு என்றும் சொன்னேன்.

"மாமா, நீங்க நல்லெண்ணெய மறந்துட்டீங்க" என்றாள். "எண்ணெய் இருக்கறதால மெதுவாத்தான் ஏறும். பாதிய இப்ப போட்டுக்கறேன், மீதிய அப்பறம். டாக்டரம்மா சொல்லிக் குடுத்திருக்காங்க."

அவள் சொன்னதுதான் சரி. தட்டை எடுத்துக்கொண்டு அவள் ரூமுக்குப் போவாள் என்று அக்கா கதவைத் திறந்து வைத்தாள். பொண்ணு கூடத்துக்குப் போய் எல்லோருக்கும் நடுவில் மனையில் உட்கார்ந்தாள். பேனாவைத் திருகினாள். டிக் டிக் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. தாவணியைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு வயிற்றில் போட்டுக்கொண்டாள். ஒரு வயதான அம்மா, என்னம்மா அது என்று கேட்டார்.

"இன்சுலின். உங்களுக்கெல்லாம் உள்ளயே சுரக்குது. எனக்குச் சுரக்கல, அதான் போட்டுக்கறேன்."

அந்த அம்மா கிட்டே நகர்ந்து வந்தார். வலிக்குமா என்று கேட்டார். கொசு கடிச்சாப்ல இருக்கும் என்றாள் பொண்ணு. நானும் என் சட்டையைத் தூக்கி என் பங்குக்குப் போட்டுக்கொண்டேன். களி எனக்கும் பிடிக்கும். ஊசி வேலை செய்யத் தொடங்கக் கால் மணி நேரம் பொறுக்க வேண்டும், அதுவரை பெண்கள் ஊர்க்கதை பேசினார்கள். நாத்தனார் தன் கொழுந்தனார் மகனுக்கும் இப்படித்தான் இளைக்கிறது, தண்ணீர் தண்ணீர் என்கிறான் என்றார். நான் பையிலிருந்த மீட்டரை எடுத்து அவர் கையில் கொடுத்து, இன்றைக்கே போய்ப் பாருங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள் என்றேன். அவர் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

பொண்ணு சாப்பிட்டாள். உருண்டையின் நடுவில் விரலால் குழி பறித்து, எண்ணெயைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டாள். அக்கா சுவரோரம் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பொறுத்துப் பொண்ணு மீதி ஊசியையும் போட்டுக்கொண்டாள், வந்தவர்கள் கிளம்பினார்கள். அக்கா அங்கேயே நின்றாள். நேரம் வந்ததும் பொண்ணு விரலைக் குத்திப் பார்த்தாள். மீட்டரைத் தன் அம்மா பக்கம் திருப்பினாள். நல்ல எண். எங்கள் போட்டியில் அவளுக்கு இன்னொரு வெற்றி.

அக்கா அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரத்தோடு திரும்பி வந்தாள்.

"இன்னும் ஒரு உருண்ட வைக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள். பொண்ணு பேனாவைத் திருகிக்கொண்டே தட்டை நீட்டினாள்.